வென்டிலேட்டரிலிருந்து மீண்ட சிஓபிடி நோயாளி: முதல் மூன்று மாதத்தில் எதைப் பார்க்கிறீர்கள்?

#1 வார்டுசுற்று

சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்) முற்றி, வென்டிலேட்டர் வரை போய்த் திரும்பியவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகிறது: நிலை சீராக உள்ளது, ஆக்ஸிஜன் அளவு 91, இரண்டு வாரத்தில் ஓபியில் பார்க்கவும். அந்த ஆளால் கழிப்பறையிலிருந்து தானாக எழ முடிகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, ராத்திரி கண்ணை மூடப் பயப்படுகிறாரா என்று அதில் ஒரு வரி இருக்காது.

இன்னொரு பக்கம், "இந்த நுரையீரலோடு ஐசியூவுக்குப் போய் என்ன ஆகப்போகிறது" என்று முன்கூட்டியே கைவிடும் பேச்சும் உண்டு. அதற்கு எதிராக ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் பல ஐசியூக்களைச் சேர்த்து நடத்திய காவோஸ் ஆய்வில் (2009இல் வெளியானது) சிஓபிடி, ஆஸ்துமா நோயாளிகளில் 62 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மருத்துவர்கள் முன்கூட்டிக் கணித்தது 49 சதவீதம். பிழைத்தவர்களில் 73 சதவீதம் பேர், சேர்வதற்கு முன் நன்றாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டுத் தங்கள் வாழ்க்கைத் தரம் அதே அளவு அல்லது மேல் என்றார்கள். மறுபடி இப்படி வந்தால் இதே சிகிச்சையை ஏற்பீர்களா என்றதற்கு 96 சதவீதம் ஆம்.

ஆகவே பிழைப்பவர்களுக்கு வாழ்க்கை இருக்கிறது. அதை எது கெடுக்கிறது, எந்த வாரத்தில் எதைச் சரிபார்த்தால் பிடித்துவிடலாம் என்று அவரவர் துறையிலிருந்து எழுதினால் உதவியாக இருக்கும். "சத்தான உணவு, மிதமான உடற்பயிற்சி" மாதிரி இல்லாமல் எண், அளவு போட்டு எழுதுங்கள்.

#2 தொடைத்தசை

பிசியோ தரப்பிலிருந்து. முதலில் கால்.

எஃப்இவி1 (பலமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு) ஐசியூவுக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட அதே எண்ணாகத்தான் இருக்கும். போனது தொடை. தீவிர நோயின் முதல் 10 நாளில் தொடை முன்தசையின் குறுக்குப்பரப்பு ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குவதை 2013இல் அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். சிஓபிடிக்காரர் ஏற்கெனவே மெலிந்த தொடையோடுதான் உள்ளே போகிறார். அதன்மேல் ஸ்டீராய்டு, படுக்கை, அசைவின்மை. வலுவில்லாத கால் சீக்கிரமே லாக்டிக் அமிலம் சேர்க்கும், அதை ஈடுகட்ட மூச்சு வேகமாகும், வேகமாக மூச்சுவிட்டால் வெளிவிட நேரம் போதாமல் நெஞ்சில் காற்று தேங்கும். நோயாளி சொல்வது "மூச்சு முட்டுகிறது" என்றுதான். இன்ஹேலரை ஏற்றிக்கொண்டே போனாலும் அது குறையாது.

அளக்க ஒரு நாற்காலி போதும். கை வைக்கும் பகுதி இல்லாத, சுமார் 46 செ.மீ. உயர இருக்கை, சுவரோடு ஒட்டி. கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கலாம், கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. அடுத்த முறை 3 எண்ணிக்கை கூடினால் அது உண்மையான முன்னேற்றம். எழவே முடியவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று. அறுபதாவது விநாடியில் ஆக்ஸிமீட்டரைக் கழற்றிவிடுவார்கள். ஆக்ஸிஜன் மிகவும் இறங்குவது பல பேருக்குச் சோதனை முடிந்து உட்கார்ந்த பிறகுதான். இன்னும் ஒரு நிமிடமாவது விரலிலேயே இருக்கட்டும்.

30 மீட்டர் நடைபாதை கிடைத்தால் ஆறு நிமிட நடை. ஏறக்குறைய 30 மீட்டர் கூடினால் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். விரலில் ஆக்ஸிஜன் 80க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

#3 காலை_ஏபிஜி

கால் சரி. என் பட்டியலில் முதல் இடம் கார்பன் டை ஆக்ஸைடுக்கு. டிஸ்சார்ஜ் ஆகி 2 முதல் 4 வாரத்துக்குள் ஒரு தமனி ரத்த வாயுப் பரிசோதனை. ஓபியில் விரலில் 91 என்று பார்த்து அனுப்பிவிட்டால் இது தெரியவே தெரியாது.

ஏன் அந்த இடைவெளி என்பதற்கு இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2014இல் வந்த ரெஸ்க்யூ ஆய்வில், வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட கையோடு, கார்பன் டை ஆக்ஸைடு கூடுதலாக இருந்தவர்களுக்கு வீட்டு பைபாப் (மாஸ்க் வழியே அழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் மெஷின்) கொடுத்தார்கள். மறுசேர்க்கையும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. 2017இல் வந்த ஹாட்-எச்எம்வி ஆய்வில் 2 முதல் 4 வாரம் பொறுத்து, அப்போதும் 53 மி.மீ.க்கு மேல் இருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள். ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்கள் திரும்பச் சேர்வதற்கோ இறப்பதற்கோ ஆன இடைநிலைக் காலம் 1.4 மாதம். ஆக்ஸிஜனோடு பைபாபும் பெற்றவர்களுக்கு 4.3 மாதம்.

வித்தியாசத்துக்குக் காரணம் நேரம்தான் என்று நினைக்கிறேன். முதல் சில நாளில் உயர்ந்திருக்கும் அளவு பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். அவர்களுக்கு மெஷின் வெறும் தொல்லை. நான்கு வாரம் கழித்தும் இறங்காதவர்தான் உண்மையில் தேக்கிவைப்பவர்.

அழுத்தமும் முக்கியம். ஹாட்-எச்எம்வியில் உள்மூச்சு அழுத்தம் இடைநிலையாக 24 செ.மீ. தண்ணீர், வெளிமூச்சு 4, நோயாளி இழுக்காவிட்டாலும் மெஷினே தரும் பேக்கப் நிமிடத்துக்கு 14 மூச்சு. வார்டில் அவசரத்துக்கு வைத்த 14/6ஐ அப்படியே வீட்டு மெஷினில் போட்டுவிட்டு "பைபாப் வேலை செய்யவில்லை" என்பவர்களைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. 24ஐ முதல் ராத்திரியே வைக்கவும் முடியாது. நோயாளி தாங்கும் அளவில் தொடங்கி, சில இரவுகளில் இரண்டிரண்டாக ஏற்ற வேண்டும்.

#4 புதுவரவு

ஒரு அடிப்படைக் கேள்வி. 91 காட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் வீட்டில் ஆக்ஸிஜனை 2 லிட்டரிலிருந்து 4 ஆக்கினால் என்ன? நிறையப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள்?

#5 காலை_ஏபிஜி

அதனால்தான் நிறையப் பேர் திரும்ப ஐசியூவுக்கு வருகிறார்கள்.

கார்பன் டை ஆக்ஸைடைத் தேக்கும் ஆளுக்கு இலக்கு 88 முதல் 92. ஆக்ஸிஜன் கூடினால், காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கும் ரத்தம் பாய ஆரம்பிக்கும். அதுவரை உடல் அந்தப் பகுதிகளின் ரத்தக்குழாயைச் சுருக்கி வைத்திருந்தது. கூடவே சிவப்பணு சுமந்துவந்த கார்பன் டை ஆக்ஸைடும் கழன்று ரத்தத்தில் கலக்கும். விரலில் 97 காட்டும், ஆள் மந்தமாகிக்கொண்டே போவார். காலைத் தலைவலி, பகலில் தூக்கம், பேச்சில் குழப்பம், கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, இதில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. எண் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.

91இல் மூச்சு வாங்கினால் காரணம் ஆக்ஸிஜன் குறைவு இல்லை. தேங்கிய காற்று, கால், பயம், சளி, இதயம் இவற்றில் ஒன்று. புதிதாகக் கால் வீக்கமோ படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தால் இசிஜி எடுங்கள். சிஓபிடி தீவிரமான பிறகு வரும் வாரங்களில் மாரடைப்பும் தாளக்கோளாறும் வரும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம்.

இன்னொன்று. "88-92" என்று எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஆம்புலன்ஸில் நெபுலைசரை ஆக்ஸிஜன் வைத்து ஓட்டுவார்கள், நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். இந்த நோயாளிகளுக்குக் காற்று கம்ப்ரஸரில் ஓட்டி, தேவைப்பட்டால் மூக்குக் குழாயில் தனியாக ஆக்ஸிஜன் கொடுப்பதே சரி.

#6 லீக்கேஜ்

மெஷின் பக்கம் நான். வீட்டு பைபாப் கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் மாஸ்க்தான் காரணம்.

மாஸ்க்கை உட்கார்ந்த நிலையில், மெஷின் ஓடாதபோது பொருத்தினால் படுத்ததும் ஒழுகும். படுக்க வைத்து, அழுத்தத்தை ஓடவிட்டு, கீழ் வாரை முதலில், மேல் வாரைப் பிறகு, இரண்டு பக்கமும் சமமாக. வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒழுகினால் எல்லோரும் செய்வது இன்னும் இறுக்குவது. சிலிக்கான் விளிம்பு காற்றில் உப்பி முகத்தில் பதியும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இறுக்கினால் அது மடங்கி இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே தூக்கி, காற்றை உப்பவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். பாதி ஒழுகல் அதிலேயே நிற்கும்.

அடுத்தது உயிருக்கே ஆபத்தான தவறு. மாஸ்க்கின் முன்னால் அல்லது முழங்கை இணைப்பில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும், "ஸ்ஸ்" என்று காற்று வரும். அது பழுது இல்லை. வெளிவிடும் மூச்சு போவதற்கான வழியே அதுதான். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார்கள். ஒற்றைக் குழாய் மெஷினில் அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். ஓட்டையே இல்லாத ஆஸ்பத்திரி மாஸ்க்கை எடுத்துவந்து வீட்டு மெஷினில் மாட்டுவதும் அதே கதை. குழாயில் தனி வெளியேற்றும் துளை இல்லாவிட்டால் அந்த மாஸ்க்கைத் தொடாதீர்கள்.

கான்சன்ட்ரேட்டர் (அறைக்காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் வீட்டு மெஷின்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோமீட்டரில் பந்தின் நடுப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும், கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அரை லிட்டர் தப்பும். காற்று வருகிறதா என்று சந்தேகமா? மூக்குக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள், குமிழி வரும். வராவிட்டால் கதவிடுக்கில் நசுங்கிய குழாய், கட்டிலுக்கு அடியில் மடிந்த குழாய், அல்லது ஹியூமிடிஃபையர் பாட்டிலின் மூடி மறை சரியாக ஏறாதது. முக்கால்வாசி பாட்டில் மூடிதான். 4 லிட்டருக்குக் கீழே பெரும்பாலானவர்களுக்குப் பாட்டிலே தேவையில்லை. மூக்கு காய்ந்தால் வைக்கலாம், அப்போதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். மெஷினைச் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். புகை, அடுப்பு, விளக்கு, பெட்ரோலியம் ஜெல்லி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

#7 புதுவரவு

தோளில் மாட்டும் சின்ன மெஷினில் "2" என்று வைத்தால் அது 2 லிட்டர்தானே?

#8 லீக்கேஜ்

இல்லை. அவற்றில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு சிட்டிகை ஆக்ஸிஜன் விடும் வகை. "2" என்பது அந்தக் கம்பெனி வைத்த படி எண், அவ்வளவுதான். நடக்க வைத்து, விரலில் மாட்டிப் பார்த்துத்தான் எந்தப் படி என்று முடிவு செய்ய வேண்டும். வாயால் மூச்சுவிட்டுத் தூங்குபவருக்கு ராத்திரி அது தூண்டப்படாமலே போகும். தூங்க வீட்டு மெஷின்தான்.

#9 மாத்திரைப்பெட்டி

மருந்துச் சீட்டை யாரும் பேசவில்லையே. ஐசியூவில் அந்த வாரத்துக்காகத் தொடங்கியது, நிறுத்தும் தேதி எழுதாமல் வீட்டுக்கு வந்துவிடும். மூன்றைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, குழப்பத்துக்காக ராத்திரி கொடுத்த க்வெடியாபின் அல்லது ஹாலோபெரிடால். குழப்பம் தெளிந்தும் தொடர்ந்தால் பகல் தூக்கம், தள்ளாட்டம், விழுதல். இரண்டு, வயிற்றுப்புண் வராமல் இருக்கக் கொடுத்த பேன்டோபிரசோல். வேறு காரணம் இல்லாவிட்டால் அதற்கு இனி வேலை இல்லை. மூன்று, பிரட்னிசலோன். தீவிரமானதற்கு 40 மி.கி. 5 நாள் போதும் என்று 2013லேயே ரெட்யூஸ் ஆய்வு காட்டியாகிவிட்டது. ஆனாலும் "குறைத்துக்கொண்டே வரவும்" என்று ஆறு வாரம் ஓடும் சீட்டுகள் வருகின்றன. தொடைத்தசை எழுதிய தொடையை இதுவும் தின்கிறது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் ஏற்கெனவே ஓடிவிட்டால் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது. அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், மருத்துவர் சொல்லும் படியில்தான் இறக்க வேண்டும்.

இரட்டிப்பையும் பாருங்கள். டையோட்ரோபியம் மாதிரி நீண்டநேர மருந்து இன்ஹேலரில் இருக்க, இப்ராட்ரோபியம் நெபுலைசரும் நாளுக்கு நான்கு வேளை ஓடிக்கொண்டிருக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு. சால்புடமால், ஸ்டீராய்டு, நீர் மாத்திரை மூன்றும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் மூன்றும் குறைந்தால் மூச்சுத்தசைக்கே வலு போகும்.

அப்புறம் இன்ஹேலர் வகை. பவுடர் இன்ஹேலரை வேகமாகவும் பலமாகவும் இழுத்தால்தான் பொடி உடைந்து நுரையீரலுக்குப் போகும். ஐசியூவிலிருந்து வந்தவருக்கு அந்த இழுப்பு இருக்காது. மருந்து நாக்கிலேயே தங்கும். ஐசியூவுக்கு முன் நன்றாகப் பயன்படுத்திய ஆள் என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சில வாரமாவது ஸ்பேசரோடு ஸ்பிரே கொடுங்கள். குலுக்கி, ஒரு அழுத்து, 4-5 விநாடி மெதுவாக இழுத்து, முடிந்தால் 10 விநாடி நிறுத்தி, பிறகு விட வேண்டும். அடுத்த அழுத்துக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்பேசருக்குள் அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

#10 தொடைத்தசை

பயிற்சி அளவு எழுத மறந்துவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆகி நான்கு வாரத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்க வேண்டும், வாரம் 2-3 நாள், 6 முதல் 8 வாரம். முதல் வாரத்தில் 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வு என்று துண்டு துண்டாக. 0-10 மூச்சிரைப்பு அளவுகோலில் 3-4 வர வேண்டும். 1இல் நின்றால் அது பயிற்சியே இல்லை. கால் வலுவுக்கு 8 முதல் 12 தடவை தூக்க முடிகிற எடை. நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். கை ஊன்றாமல் 10 தடவை எழுந்ததும் மெத்தையை மெல்லியதாக்குங்கள். இவ்வளவுதான் ரகசியம்.

என்னைக் கேட்டால் இதை ஐசியூவிலேயே, வார்டிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பேன்.

#11 காலை_ஏபிஜி

அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நாள்பட்ட நுரையீரல் நோய் தீவிரமாகிச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் முறையான பயிற்சியைத் தொடங்கினார்கள். மறுசேர்க்கை குறையவில்லை. ஓராண்டு இறப்பு பயிற்சிக் குழுவில் 25 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 16 சதவீதம்.

#12 தொடைத்தசை

ஒப்புக்கொள்கிறேன், அந்த ஆய்வு உறுத்துகிறதுதான். ஆனால் இரண்டையும் பிரிக்க வேண்டும். கட்டிலில் உட்கார வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது, கழிப்பறைக்கு நடத்துவது இவை முதல் நாளிலிருந்தே. எடை தூக்குவது, வேகத்தை ஏற்றுவது வீட்டுக்குப் போன பிறகு. அவசரப்பட்டு எழுதியது என் தவறு.

90 நாளுக்குள் தொடங்கியவர்களின் ஓராண்டு இறப்பு 7.3 சதவீதம், தொடங்காதவர்களுக்கு 19.6 சதவீதம் என்று 2020இல் வந்த அமெரிக்கக் கணக்கையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். நடக்கத் தெம்பு உள்ளவர்தானே பயிற்சிக்கே வருகிறார். அதைவிட எனக்கு வலிப்பது, அந்தக் கணக்கில் 90 நாளுக்குள் தொடங்கியவர்களே வெறும் 1.5 சதவீதம் என்பது.

#13 இரவுடூட்டி

ஐசியூ நர்ஸ் பார்வையில் ஒன்று. கழுத்தைப் பாருங்கள்.

வென்டிலேட்டருக்காக மூச்சுக்குழாயில் போடும் குழாயின் பலூன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மூச்சுக்குழாய் உட்சுவரின் ரத்த ஓட்டம் நசுங்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும், வழி குறுகும். இது நடக்க வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அதற்குள் எல்லோரும் ஐசியூவை மறந்திருப்பார்கள். நோயாளி "மூச்சு மறுபடி மோசம்" என்று வருவார், சிஓபிடி தீவிரம் என்று ஸ்டீராய்டும் நெபுலைசரும் போகும். ஸ்டீராய்டில் இரண்டு நாள் தெளிவது போலக்கூட இருக்கும்.

வித்தியாசம் காதில் கேட்கும். சிஓபிடி இரைப்பு நெஞ்சில், மூச்சை விடும்போது. இது கழுத்தில், இழுக்கும்போதும் கேட்கும், கரகரப்பாக. ஸ்டெதஸ்கோப்பைக் குரல்வளைக்குக் கீழே வைத்தால் அங்கேதான் சத்தம் அதிகம். இருமினால் சளி தொண்டையில் மாட்டிக்கொண்டு வராது. வழி சுமார் 8 மி.மீ.க்குக் கீழே போனால் நடக்கும்போது மூச்சுத் திணறும், சும்மா இருக்கும்போதே திணறினால் 5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். நெஞ்சு எக்ஸ்ரே வழக்கம்போல இருக்கும். ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் பரிசோதனை) தாளில் எண்ணை விட்டுவிட்டு, மூச்சின் வேகத்தைக் காட்டும் வளையத்தின் வடிவத்தைப் பாருங்கள், மேலும் கீழும் தட்டையாக வெட்டிய மாதிரி இருந்தால் அதுதான். கழுத்து சிடி, ப்ராங்கோஸ்கோப்பி.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலும் இஎன்டி பார்க்க வேண்டும்.

#14 கவளம்

விழுங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் தொண்டை உணர்வு மழுங்கும். சிஓபிடிக்காரருக்கு இன்னொரு சிக்கல்: சாதாரணமாக விழுங்கியதும் மூச்சை வெளியே விடுவோம், இவர்கள் அவசரத்தில் உள்ளே இழுப்பார்கள். தொண்டையில் மிச்சம் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும். தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்டபின் குரல் நனைந்தாற்போல் கொழகொழவென்று மாறுவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன வாய், ஒவ்வொரு வாய்க்கும் நடுவே ஒரு மூச்சு. சாப்பிடும்போது ஆக்ஸிஜன் மூக்குக் குழாயைக் கழற்றுகிறார்கள், கழற்ற வேண்டாம்.

புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்று புரியும். மூன்று வேளையில் இது உள்ளே போகாது, வயிறு நிரம்பினால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு முட்டும். ஆறு சிறு வேளை, புரதத்தை முதலில், தண்ணீரைக் கடைசியில். வாரம் ஒருமுறை காலையில் எடை. கால் வீங்கியிருந்தால் அந்த எடையை நம்பாதீர்கள், வீக்கம் தசை இழப்பை மறைத்துவிடும்.

#15 இரவுடூட்டி

மனசு பற்றி எழுதத்தான் திரும்ப வந்தேன்.

உடல், மனம், நினைவாற்றல் மூன்றிலும் ஐசியூவுக்குப் பிறகு நீளும் பாதிப்புக்கு பிக்ஸ் என்று பெயர். 2010இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் கூட்டிய கூட்டத்தில் பிறந்த சொல். குடும்பத்தாருக்கு வருவதற்கும் தனிப் பெயர் உண்டு, பிக்ஸ்-எஃப்.

நோயாளி பேசத் தயங்குவது பொய் நினைவுகளை. கை கட்டப்பட்டது, யாரோ கொல்ல வந்தது, சுவரில் பூச்சி ஊர்ந்தது. மயக்க மருந்திலும் குழப்பத்திலும் உருவானவை, ஆனால் உண்மையாக நடந்ததைவிடத் தெளிவாக நிற்கும். "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை" என்று அடக்கினால் பேச்சை நிறுத்திவிடுவார், கனவு நிற்காது. "என்ன பார்த்தீர்கள்" என்று கேட்டு, அந்த நாளில் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள். கையைக் கட்டியது குழாயைப் பிடுங்காமல் இருக்க, முகத்தை அழுத்தியது பைபாப் மாஸ்க். ஐசியூ டயரி எழுதும் பழக்கம் இதற்காகத்தான். மாஸ்க்கைக் கண்டாலே பதறுபவரிடம் முதலில் இதைப் பேசிவிட்டு, பிறகு லீக்கேஜ் சொன்ன பொருத்தும் வேலைக்குப் போங்கள். பகலில், மெஷினில் மாட்டாமல், அவர் கையாலேயே வெறும் மாஸ்க்கை முகத்தில் பிடித்துப் பழக வேண்டும்.

மூச்சுமுட்டல் பயத்துக்குத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள், கார்பன் டை ஆக்ஸைடு தேக்குபவருக்கு அல்பிரசோலம் மூச்சையே அமுக்கும். கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், மூக்கு வாயைச் சுற்றிக் காற்றுப் படும்படி பிடிக்கச் சொல்லுங்கள். முன்னால் குனிந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, உதட்டைக் குவித்து விட வேண்டும். இழுக்க இரண்டு எண்ணினால் விட நான்கு. எழும்போதும் படி ஏறும்போதும் விடுகிற மூச்சில்தான் உடலைத் தூக்க வேண்டும்.

குளியல்தான் பலருக்கு நாளின் மிகக் கஷ்டமான வேலை. கை தலைக்கு மேலே போனதும் மூச்சுக்கு உதவும் தோள்தசை வேறு வேலைக்குப் போய்விடும். ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். துவட்டுவதைவிட, டவல் துணியில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஈரம் தானே போகும்.

#16 வார்டுசுற்று

அருமை. அளவுகோல் பற்றி நானே கொஞ்சம்.

ஆய்வுகளில் செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாள்தான் எங்கும். 0 முதல் 100, கூடினால் மோசம், 4 புள்ளி மாறினால் பொருட்டானது. ஆனால் அதன் அறிகுறிப் பகுதி கடந்த பல வாரங்களை நினைவுகூரச் சொல்கிறது. மூன்றாவது மாதத்தில் நிரப்பினால் ஐசியூ நாளும் அதற்குள் விழுந்து எண்ணைக் கெடுக்கும். ஓபிக்கு கேட் என்ற சிஓபிடி கேள்வித்தாள் போதும். 8 கேள்வி, 0 முதல் 40, இன்றைய நிலையைக் கேட்கிறது, 2 குறைந்தால் முன்னேற்றம். கூடவே பதற்றம், மனச்சோர்வுக்கு ஹாட்ஸ் கேள்வித்தாள், ஒவ்வொன்றிலும் 8 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்கணும். கேட் எண் உயர்ந்தே நிற்கிறது, எழுந்து உட்காரும் எண்ணிக்கை கூடிவிட்டது என்றால் நான் ஹாட்ஸ் தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

நீண்டகால ஆக்ஸிஜன் தேவையா என்று வார்டில் எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். தீவிரம் அடங்கிச் சுமார் 8 வாரம் கழித்து மறுபடி எடுங்கள். தமனி ரத்த ஆக்ஸிஜன் அழுத்தம் 55 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, அல்லது 60க்குக் கீழே இருந்து இதய வலப்பக்க வீக்கமோ சிவப்பணு கூடி ரத்தம் தடித்திருப்பதோ இருந்தால் நாளுக்கு 15 மணி நேரமாவது. அதற்கு மேல் உள்ளவர் டிஸ்சார்ஜில் கொடுத்ததை வாழ்நாள் முழுக்கச் சுமக்கத் தேவையில்லை.

அடுத்த முறை குழாய் போடலாமா என்ற பேச்சையும் இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே, நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு நாளில், குடும்பத்தை வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். மீண்டும் ஐசியூவா, பைபாப் வரைதானா, எதைச் செய்ய முடியாத நிலை வந்தால் வேண்டாம் என்பார் என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். #1இல் உள்ள எண்களை அவருக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நம் அவநம்பிக்கையை அவர் முடிவாக்கக் கூடாது.

#17 புதுவரவு

கடைசியாக ஒன்று. தமனியில் ஊசி போட வசதியில்லாத ஓபியில் 2-4 வாரப் பரிசோதனைக்கு என்ன செய்வது?

#18 காலை_ஏபிஜி

சிரை ரத்தத்தில் வாயு பாருங்கள். அதில் கார்பன் டை ஆக்ஸைடு 45க்குக் கீழே இருந்தால் தமனியிலும் உயர்வு இருக்க வாய்ப்பில்லை, விட்டுவிடலாம். மேலே இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாமல் தமனி ரத்தம் எடுக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். பைகார்பனேட் 27க்கு மேல் இருப்பதும் ஒரு துப்பு, ஆனால் நீர் மாத்திரை எடுப்பவருக்கு அது வேறு காரணத்தாலும் ஏறும். சாம்பிள் எடுக்குமுன் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அறைக்காற்றிலா, எத்தனை லிட்டரிலா, முந்தைய இரவு பைபாப் போட்டாரா என்று மூன்றையும் தாளில் எழுதுங்கள். அது எழுதாத ரிப்போர்ட்டை அடுத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது.